பால் ஊற்றிய கோப்பி மெஷின்

வினாகிரி என்ற புளிக்காடி சூடேறும்போது எழும் மணம் மூக்கின் நடுத்தண்டில் ஊசி போல இறங்கும். என் சமையலறையில் இப்போதும் அவ்வப்போது அது எழும்புகிறது. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கோப்பி மெஷினின் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து வழியை அடைத்துவிடும். வினாகிரி ஓடவிட்டால்தான் கரையும். யன்னலைத் திறக்கிறேன். குளிர் உள்ளே வருகிறது, மணம் வெளியே போகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றபடி நான் வால்தம்ஸ்டோவில் முன்பு குடியிருந்த ஒரு மாடி அறைக்குப் போய்விடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. புகைப்படத்தில் மட்டும் பார்த்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாக வந்து சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை வேலை. அவர் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான் என்னுடையதை மாட்டிக்கொண்டிருப்பேன். கட்டிலில் என் சூடு ஆறுமுன் அவர் போய் விழுவார். பின்னேரம் நான் திரும்பினால் போர்வைக்குள் ஒரு மேடு, ஏறி இறங்கும் மூச்சு. பாத்திரம் ஒன்றோடொன்று முட்டாமல், குழாயை மெல்லத் திறந்து, சமைப்பேன். எழும்பினாரென்றால் குளிப்பு, சோறு, பஸ். ஞாயிறுகளைச் சொந்தக்காரரும் விம்பிள்டன் கோயிலும் பங்கு போட்டுக்கொண்டன. அங்கேயும் அவர் ஆண்களோடு, நான் பெண்களோடு.

ஒரு கட்டிலை முறை வைத்துப் பாவிக்கும் இரண்டு வாடகைக்காரர். இப்படியே பழகிப் போய்விடுவோமோ என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பழகிய பிறகு அறிமுகமாவது எப்படி?

எங்களுடையது என்று சொல்ல மிஞ்சியிருந்தது அவர் வந்து நான் புறப்படுவதற்கு இடையிலான காலைக் கோப்பி நேரம் மட்டும். அதிலும் பாதியை அடுப்பு தின்றது. பால் பொங்கிவிடும், நகர ஏலாது. அவர் பின்னால் கதிரையில் இருந்து ஏதாவது கேட்பார், நான் சுவருக்குப் பதில் சொல்வேன்.

ஒரு நாள் அவர் ஏதோ தேவாலய மண்டபத்துப் பழஞ்சாமான் விற்பனையில் வாங்கிய வெள்ளை மெஷின் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் தண்ணீர் ஊற்றும் தொட்டி, மேலே வடிதாள் வைக்கும் கூம்பு, கீழே கண்ணாடிச் சாடி.

"இனி நீர் அடுப்படியிலை நிக்கத் தேவையில்லை. சுவிச்சைப் போட்டிட்டு வந்து இதிலை இரும்."

"இது வெள்ளைக்காரற்றை கோப்பிக்குச் செய்ததெல்லோ. எங்கடை தூளுக்குச் சரிவருமோ?"

"தான் ஆருடைய தூளெண்டு தூளுக்குத் தெரியுமே."

தூளுக்குத் தெரிந்திருந்தது. நான் ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த தூள் அது, மல்லியும் சுக்கும் சேர்த்து மாவாக இடித்தது. வடிதாளில் அது வயல் சேறு போல அப்பிக்கொண்டது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் கூம்பு நிரம்பி, மேசையில் வழிந்து, அவருடைய காற்சட்டையில் சொட்டியது. பிறகு கடையில் விற்கும் பரும்படியான கோப்பித் தூளோடு பாதிக்குப் பாதி கலந்து போட்டேன். இறங்கியது. மெஷின் கொறகொறவென்று தொண்டையைச் செருமும், நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருப்போம், பக்கத்தில் பக்கத்தில்.

ஆனாலும் பால் காய்ச்ச நான் எழும்பத்தான் வேண்டியிருந்தது. அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு காலை, தண்ணீர்த் தொட்டிக்குள் தண்ணீருக்குப் பதிலாகப் பாலை ஊற்றிவிட்டார்.

முதல் நாள் அது ஒரு அற்புதம். பால் கோப்பி தானாகவே சொட்டியது. சுக்கும் பாலும் கலந்த வாசம் யன்னல் கண்ணாடியில் வியர்த்தது. மூன்று நான்கு காலைகள் அப்படிப் போயின. பிறகு ஒரு புளிச்ச நெடி, அதன்மேல் தீய்ந்த நெடி. மெஷின் முனகியது, ஆவி விட்டது, சொட்ட மறுத்தது. உடன் வேலை செய்த பெண்ணிடம் கேட்டேன். வினாகிரி ஓடவிடு, எல்லாம் சரியாகும் என்றாள். பால் ஊற்றியதை அவளுக்குச் சொல்ல எனக்கு வெட்கம்.

வினாகிரி பாலைச் சந்தித்தால் என்ன ஆகுமென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சாடிக்குள் வெள்ளைக் கட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ. உங்கடை மெஷின் தயிர் போடுது."

அவர் குனிந்து பார்த்தார். "விடும். நாளைக்கு வெண்ணெயும் தரும்."

சிரித்தோம். ஆனால் நான் திரும்பவும் அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன், திரும்பவும் சுவரோடு கதைத்தேன். அந்த வாரம் முழுக்க அறை பெரிதாகிவிட்டது போல இருந்தது.

ஞாயிறு அவர் கீழே போய், எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்த உறவினருக்குப் போன் பண்ணி, எனக்குச் சளி என்று சொல்லிவிட்டு வந்தார். சட்டைக் கையை மடித்தார். சுடுதண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டு ஓடவிட்டோம். மஞ்சளாக வந்தது. திரும்ப ஓடவிட்டோம். நான் பழைய பல்துலக்கியால் கூம்பின் ஓட்டையைக் கிண்ட, அவர் மெஷினைத் தலைகீழாகப் பிடித்து உலுப்பினார். கட்டிகள் நின்ற பிறகு, சவர்க்காரம் போகக் கழுவி, வினாகிரியும் தண்ணீரும் சமபங்காக ஊற்றி, பாதி இறங்கியதும் நிறுத்தி ஊறவிட்டோம். செய்ய ஒன்றுமில்லை. நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தோம். காத்திருப்பதற்கு இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒண்டு சொல்லட்டே," என்றார். "எனக்குக் கோப்பி பிடிக்காது. நான் தேத்தண்ணிக்காரன்."

"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீர் ஊரிலையிருந்து சுமந்து கொண்டந்த தூள். எப்பிடிச் சொல்லுறது."

"அப்ப இந்தச் சனியனை ஏன் வாங்கினனீங்கள்?"

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீர் அடுப்பைப் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்கு உம்மடை முதுகுதானே தெரியுது."

நான் எழும்பிச் சுவிச்சைப் போட்டேன். மிச்ச வினாகிரி இறங்கியது, பிறகு வெறும் தண்ணீர், பிறகு இன்னொரு முறை வெறும் தண்ணீர். கடைசித் தண்ணீரைக் கோப்பையில் பிடித்து ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்த்தோம். ஒரு ருசியும் இல்லை. அவ்வளவு நல்ல தண்ணீரை நான் பிறகு குடித்ததில்லை.

அடுத்த நாள் இரவு அவர் வேலைக்குப் போனார். செவ்வாய்க் காலை அவர் வந்தபோது எனக்கு மெஷினில் பால் விடாத கோப்பி, அவருக்குக் கேத்திலில் கொதித்த தண்ணீரில் வெறுந்தேநீர். சொட்டு எண்ணெயைப் போலச் சத்தமில்லாமல் இறங்கியது. குடித்து முடித்து, கோட்டைப் போட்டு, கதவில் கை வைத்தேன்.

"இஞ்சாரும். பின்னேரம் வந்தவுடனை என்னை எழுப்பும்."

"களைச்சுப்போய்ப் படுத்திருப்பியள். எழுப்ப மனம் வராது."

"நித்திரை எப்பவும் கொள்ளலாம்."

"பிறகு என்னை ஏசப்படாது."

"ஏசமாட்டன். எழுப்பும்."

"ஓம். போயிட்டு வாறன்."