பாக்குவெட்டி பட்ட தலை

ஏழு வயது வரை என் தலைமயிர் எனக்குச் சொந்தமில்லை, அது அம்மனுடையது. அக்காவுக்கும் எனக்கும் இடையில் பிறந்த இருவரையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. நானாவது தங்கினால், கத்தி படாமல் வளர்த்து ஏழாம் வயதில், கோயிலின் வைகாசிச் சடங்கில் மொட்டையடிப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். இடையில் மயிர் குறைந்தால் பிள்ளை தங்காது என்பது பனிச்சங்கேணியில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். கொண்டையோடு திரிந்த என்னைப் பொம்பிளைப் பிள்ளை என்று கூப்பிடுவார்கள். அதற்காகச் சிலரைக் கடித்திருக்கிறேன்.

சடங்கு நெருங்கிய நாட்களில், மாமா வாவிக்கரையில் தோணியைக் கவிழ்த்து, காய்ச்சிய குங்கிலியத்தைப் பலகை இடுக்குகளில் பூசிக்கொண்டிருந்தார். கவிழ்த்த தோணிக்குள் நல்ல நிழல். உள்ளே புகுந்து உறங்கிவிட்டேன். எழும்பியபோது, இடுக்கால் ஒழுகிய குங்கிலியம் என் பின்தலையில் கல்லாக இறுகியிருந்தது.

அம்மா மீன்கூடையோடு விற்கப் போயிருந்தார். வீட்டில் அக்கா மட்டும். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எண்ணெய் தேய்த்தாள், சாம்பல் தேய்த்தாள். கட்டி அசையவில்லை. கத்தி படக்கூடாது என்பதுதானே நேர்த்தி? பாக்குவெட்டி கத்தியல்ல என்று அவளே தீர்மானித்தாள்.

பாக்குவெட்டி மயிரை வெட்டாது, மெல்லும். கட்டி வெளியே வந்தபோது என் தலை படிப்படியாக இருந்தது: காதோரம் ஒரு நீளம், பிடரியில் ஒரு நீளம், முதுகில் ஒரு நீளம்.

“எலி அரிச்ச சாக்குப் போலக் கிடக்குடா” என்றாள். சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

அன்று முதல் எனக்குத் தலை இழுத்துச் சீவி முடியும் வேலையை அம்மாவிடமிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். முதலில் குட்டை மயிரைக் கஞ்சி பூசிப் படியவைத்தாள். அதற்கு எறும்பு ஏறி நான் பள்ளிக்கூடத்தில் துள்ள, வாத்தியார் பேன் என்று நினைத்து வெளியே இருத்தினார். வெளியே நன்றாகத்தான் இருந்தது. பிறகு நான் உள்ளே போனது குறைவு. அடுத்து செவ்வரத்தம் இலையைக் கசக்கி அந்த வழுவழுப்பைப் பூசினாள். குட்டை மயிர் படிந்தது. அதன்மேல் நீள மயிரைப் போர்த்தி இழுத்து உச்சியில் முடிந்தாள். பின்னாளில் ஊர் ஊராக அலைந்தபோது எத்தனையோ பேரிடம் தலையைக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கையும் அப்படி நோகச் செய்ததில்லை.

“நோகுதுகா!”

“நோகட்டும். அம்மா கேட்டா என்னடா சொல்லுவாய்?”

“நீதான் வெட்டின எண்டு.”

“சொல்லிப் பார். பிறகு உனக்குக் கருவாடும் இல்ல, ஒண்டும் இல்ல.”

சடங்கன்று கோயிலடி மருதமரத்தின் கீழ் நாவிதர் என் கொண்டையை அவிழ்த்தார். மூன்று நீளமும் மூன்று பக்கம் விழுந்தன.

“என்ன தங்கச்சி, மகன்ட தலையில மூணு போகம் விளைஞ்சு கிடக்கு!” என்றார் அம்மாவிடம்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் முகம் வெளிறிப்போனது. என் தோளை அவர் பற்றிய பிடியில் எனக்கு வலித்தது.

“நான்தான் வெட்டின, அம்மா. பாக்குவெட்டியால” என்று அக்கா முன்னே வந்தாள். “ஆனா ஒண்டும் எறியல்ல.”

இடுப்பிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே என் மயிர், குங்கிலியக் கட்டியோடு. கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். எங்கள் ஊரில் அம்மனுக்குத் தூபம் போடுவதும் குங்கிலியத்தில்தான்.

“மயிரும் வந்திற்று, தூபமும் வந்திற்று. அம்மனுக்குக் கூடத்தான் கிடைச்சிருக்கு, குறையல்ல” என்றார். பிறகு நாவிதரைப் பார்த்து, “ஓம், நீ வழி.”

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தார். என் தோள் விடுபட்டது.

வழித்து முடிந்ததும் அக்கா ஓடிவந்து இரண்டு கையாலும் என் மொட்டையைத் தடவினாள். காது, கன்னம், கழுத்து என்று தடவிக்கொண்டே போனாள். சிரிப்பும் கண்ணீருமாக நின்றாள். என் மொட்டையைத்தான் பழிக்கிறாள் என்று எனக்குக் கோபம். நான் உயிரோடு இருப்பதைத்தான் அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள் என்பது அப்போது விளங்கவில்லை. கையைத் தட்டிவிட்டுப் பொங்கல் வாங்க ஓடினேன்.