மாலைக்கு மேல் சட்டை

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தம்மைப் பற்றி ஒரு வரி கூட்டி எழுதினாலும் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆகவே அம்மா முன்கோபக்காரர் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அம்மா பிறந்தது திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில். கடலுக்குப் போகும் குடும்பத்தில் முதலில் பள்ளியிறுதி தேறியவர் அவர்தான். தட்டச்சு படித்து, ராயபுரத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். எண்ணூரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபின், அம்மாவின் பத்து விரல்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது. வெளிநாட்டு உறைகளிலிருந்து வெட்டி, தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்த தபால்தலைகள்தாம் அம்மாவின் ஒரே ஆடம்பரம்.

பின்னாளில் அந்த ஆசை ஓரிடத்தில் நிலைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் சாதாரண இந்தியத் தபால்தலையின் மேல் ஒரு சமஸ்தானத்தின் பெயரைக் கறுப்பு மையில் அச்சடித்து, அந்தச் சமஸ்தானத்தில் புழங்க விட்டார்கள். அந்தப் பெயருக்குத்தான் மவுசு. எனவே பெயரைத் தாங்களே அச்சடித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. எழுத்துகளோடேயே வாழ்ந்த அம்மாவுக்கு அந்தப் போலிகளைப் பிடிப்பதில் தனிக் குஷி. "மாட்டிக்கினான்!" என்று லென்சும் கையுமாகக் கத்துவார்.

அம்மா ஓய்வு பெற்ற நாளில், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியிலேயே காலம் தள்ளிய காசிமேட்டு தேசம்மா அத்தை, எல்லோர் முன்னிலையிலும் குவாலியர் பெயர் பதித்த தபால்தலை ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசளித்தார். எங்கெங்கோ தேடி வாங்கியது. அம்மா கண் கலங்கிவிட்டார்.

மறுநாள் சட்டத்தைக் கழற்றி லென்சில் பார்த்த அம்மாவின் முகம் வாடிப்போனது. தபால் நிலைய முத்திரையின் வட்டக்கோடு அந்தப் பெயருக்கு அடியில் ஓடியது. பெயர் அச்சான பிறகுதானே தபால்தலை விற்பனைக்குப் போகும், கடிதத்தில் ஏறும், முத்திரை விழும்? இங்கே முத்திரை விழுந்த பழைய தபால்தலையின் மேல் யாரோ பெயரை அடித்திருந்தார்கள்.

"வாய மூடிகினு இரும்மா. அத்த எவ்ளோ ஆசயா குட்த்தாங்க," என்றான் தம்பி.

"தெனம் வந்து 'ஸ்டாம்பு எப்டி கீது'ன்னு கேப்பாடா. தெனம் அவகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

அத்தை வந்தார், கேட்டார். அம்மா சொல்லிவிட்டார்.

"மாலய போட்டுகினு, அதும் மேல யாராச்சும் சட்ட மாட்டுவாங்களாடி? இதுல அப்டித்தான் கீது. இது டுபாக்கூரு."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"இன்னாடி சொன்ன? நா குட்த்தது டுபாக்கூரா? உன் சங்காத்தமே வோணாம், போ!" அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போனைக் கையில் எடுப்பார், வைத்துவிடுவார். "சொன்னது சரி. கொஞ்சம் பதமா சொல்லிருக்கலாம்," என்று தமக்குத்தாமே பேசிக்கொள்வார். இத்தனை வருடத்துச் சிநேகிதம் ஒரு தபால்தலையோடு போய்விட்டதே என்று நானும் தம்பியும் புலம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் அத்தை வந்து நின்றார். கையில் பர்மா பஜாரில் வாங்கிய புது லென்ஸ். "எங்கடி மால, எங்கடி சட்ட? காட்டு." வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "ஆமாண்டி! இத்த வித்த கஸ்மாலம் என்னிய நல்லா ஏமாத்திட்டான்!" இருவரும் தோளில் அடித்துக்கொண்டு சிரித்ததில் நான் போட்ட டீ ஆறிப்போனது. அதன்பின் ஞாயிறுதோறும் ராயபுரத்தில் கூடும் தபால்தலைக்காரர்கள் நடுவே அத்தையும் உட்கார்ந்தார்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோதும் அம்மா ஆல்பத்தைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். ஒரு காலையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையில் அம்மாவைத் தாங்கிய செவிலியர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், மூலக்கொத்தளம் சுடுகாடு வரை தோள் கொடுத்தவர்களுக்கும் நாங்கள் என்றென்றும் கடன்பட்டிருக்கிறோம்.

அத்தைக்கு மட்டும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தன்று, அம்மாவின் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். பாட்டியாலா பெயர் போட்ட தபால்தலை. "பாப்பா, இங்க பாரு. எழுத்துங்களுக்கு நடுவுல எடம் ஒரே மாரி இல்ல. இதுல உங்கம்மா ஏமாந்துட்டாடி," என்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

அம்மாவோடு பிறந்த மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னிக்காம்மா இத்த சொல்லுவ?"

"அவ என்கிட்ட மறச்சாளா? நா மட்டும் அவகிட்ட மறைக்கணுமா?" என்றார் அத்தை.

அம்மா போனபிறகு அன்றுதான் நான் முதன்முதலாகச் சிரித்தேன். அம்மா இருந்திருந்தால் அத்தையை வீட்டைவிட்டே விரட்டியிருப்பார். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து லென்சோடு காசிமேட்டுக்குப் போயிருப்பார்.