ஞானம் அண்ணையின் குரலுக்குக் கட்டிய சோக்

கோஅக்சியல் வயரைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்துச் சீவிக்கிறவன் என்று சொன்னால் ஒருவனுக்கும் பெண் கிடைக்காது. நான் கலியாணம் முடித்த பிறகு இதில் இறங்கினபடியால் தப்பினேன். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எனக்கு ரேடியோ, ரீவி திருத்துகிற சின்னக் கடை. சண்டைக் காலம். அடுத்த வீட்டு ரீவியை ஒருநாள் திருத்திக் கொடுத்த பாவத்துக்காக ஆயுள் முழுக்கக் கூப்பிடப்படுகிற ஆள் நீங்கள் என்றால், வாங்கோ, இருங்கோ. எனக்கும் உங்களுக்கும் ஒரே வருத்தம்தான்.

அழுகைக்கு நடுவில் கறி

மர்ஜான் ராத்தா (முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பாலையூற்றில் இருந்து பஸ் பிடித்து வந்து, கடைக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தன்னுடைய ரீவிக்குள் ஆள் பூந்துவிட்டதாம். ஆள் வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டு ஞானம் அண்ணை.

அண்ணை துறைமுகத்தில் வயர்லெஸ் ஒப்பரேட்டராக இருந்து பென்சன் எடுத்தவர். சண்டை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, அலையாத இடமெல்லாம் அலைந்து அனுமதி எடுத்து, வீட்டில் அமெச்சூர் ரேடியோ வைத்திருந்தார். மகன் சேந்தன் சரக்குக் கப்பலில் வேலை. அவனும் தகப்பனைப் போல வயர்லெஸ்காரன். கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் பின்னேரத்தில் இரண்டு பேரும் கதைப்பார்கள். தாய் பூமணி அக்கா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். மகன் சொல்கிறது அந்த அறையோடு சரி. தகப்பன் சொல்கிறது ஒழுங்கை முழுக்க ரீவியில் வரும்.

ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நாடகத்தில அந்தப் புள்ள புருசனப் பறிகுடுத்துட்டுக் கத்துது. நடுவால உங்கட ஞானம் அண்ணன் வந்து 'அங்க இண்டைக்கு என்ன கறி?' எண்டு கேக்கிறார். நான் அழுறதா, சிரிக்கிறதா?"

பால்மா டின்

விசயம் இதுதான். ரேடியோவில் இருந்து ஏரியலுக்குப் போகிற கோஅக்சியல் வயரின் உள்ளால்தான் எல்லாம் போக வேண்டும். ஆனால் கொஞ்சம் வயரின் வெளித்தோலால் வீட்டுப் பக்கம் திரும்பி வந்து, அயலட்டை ரீவிகளுக்குள் ஏறிவிடும். அதே வயரை ஏரியலுக்குக் கிட்ட வட்டமாகச் சுற்றிக் கட்டினால், திரும்பி வருகிறது அதில் மறிபட்டுப் போகும். அதுதான் சோக். கடையில் விற்கிற சாமான் இல்லை, கையால்தான் சுற்ற வேண்டும்.

வட்டமாக வர வேண்டும் என்று நான் வெறும் பால்மா டின் ஒன்றில் சுற்றினேன். சுற்று சுற்றுக்கு ஒட்டி, பார்க்க அவ்வளவு வடிவு. கழட்ட மனம் வராமல் டின்னோடேயே கம்பத்தில் ஏற்றிவிட்டேன். தகரத்தை உள்ளே வைத்துச் சுற்றினால் சோக் வேலை செய்யாது என்று எனக்கே தெரியும்; வடிவைக் கண்டதும் புத்தி போய்விட்டது. அண்ணையின் குரல் ஒரு பொட்டும் குறையவில்லை. பூமணி அக்கா கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"டின்னுக்குள்ள பால்மாவும் இருந்திருந்தா, எனக்கெண்டாலும் உதவியிருக்கும் தம்பி."

அன்னதான அறிவித்தல்

டின்னைக் கழட்ட நான் போவதற்கு முதல் கோயிலில் பூசை வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஒருவர் அன்னதானத்துக்கு எல்லோரையும் வரிசையில் வரச் சொல்கிறார். சனம் இலையோடு நிற்குது. அந்த நேரம் பார்த்து அதே ஒலிபெருக்கியில் ஞானம் அண்ணையின் குரல் கணீரென்று வருகிறது: வயிற்றாலை போறது நிண்டிட்டுதோ, மருந்து குடிச்சனியோ, சோத்தை விட்டுட்டுக் கஞ்சி குடி என்று. முன்னுக்கு நின்ற இரண்டு பேர் இலையை மெல்ல மடித்து வைத்துவிட்டார்கள். நான் தூணோடு தூணாக நின்றேன்.

பூசை முடிய ஐயர், ஞானம் அண்ணையின் வீட்டுக்கே நடந்து போய்ச் சொன்னார்: "பிள்ளைக்குச் சுகம் வரவேணுமெண்டு அர்ச்சனை செய்திட்டன் ஞானம். இனி இப்பிடி ஏதுமெண்டா ஆள் விட்டுச் சொல்லுங்கோ, ஸ்பீக்கரில வேண்டாம்."

கெடு

சிரிப்பு அதோடு முடிந்தது. கோயில் ஒலிபெருக்கியில் யாரோ வேற்றுக் குரல் வந்த கதை நேவி முகாமுக்குப் போய், ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மரியாதையான மனிசன். அண்ணையின் அனுமதியை வாசித்தார், ரேடியோவைப் பார்த்தார், கம்பத்தில் இருந்த பால்மா டின்னையும் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பர்மிட் எல்லாம் சரி," என்றார் நல்ல தமிழில். "ஆனா ஒங்க குரல் ஊர் முழுக்க வருது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டில இருந்து நான் ரீவி பார்ப்பேன். கேட்டிச்சுன்னா ஏரியல் கீழ வரும், ரேடியோ எங்களோட வரும்."

ஒன்றுக்கும் உதவாத சாமான்

அந்தக் கிழமை பார்த்துச் சேந்தனின் சத்தமே இல்லை. கடைசியாகக் கதைத்தபோது காற்று மோசம், கப்பல் நல்லா ஆடுது என்று சொன்னானாம். பூமணி அக்கா குசினிப் பக்கமே போகவில்லை. ரேடியோவும் போய்விட்டால் பிள்ளை இருக்கிறானோ இல்லையோ என்று அறிய அவர்களுக்கு வேறு வழியில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இந்த முறை பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாய்த் துண்டில் சுற்றி, வலை பின்னுகிற நைலோன் நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். வழியில் ஆமிச் சென்றியில் மறித்தார்கள். சுருட்டின வயரும் இரண்டு நுனியுமாக ஒரு சாமானைப் பையில் கண்டால் யார்தான் சும்மா விடுவான்? இது குண்டு இல்லை, ரேடியோவும் இல்லை, இதுக்குள்ளே ஒன்றுமே இல்லை என்று தலைகீழாக நின்று விளங்கப்படுத்தினேன். ஆமிக்காரப் பொடியன் ஒவ்வொரு சுற்றாக அவிழ்ப்பித்து, வெறும் வயராகத்தான் என்னை விட்டான். என்னிலும் இளையவன், சிங்களத்தில் 'மல்லி' என்று என்னைத் தம்பியாக்கிக் கேட்டான்:

"மல்லி, இது பேசாது, கேக்காது, லைட்டும் பத்தாது. அப்ப எதுக்கு இவ்வளோ வடிவா சுத்தினது?"

கந்தையர் கேட்ட உதவி

அண்ணை வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முடக்கில் இருக்கிற கந்தையர் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தன்னுடைய ரேடியோவில் தமிழ்ச் செய்திக்கு மேலே வேறு ஸ்ரேசன் ஏறிக் கத்துகிறதாம், அதுக்கும் ஒன்று கட்டித் தர ஏலுமோ என்று கேட்டார். அதுக்கு இது சரிவராது என்றேன். மனிசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப ஞானத்தாரை மட்டும்தான் மறிப்பியளோ? இருக்கிறதுக்குள்ள அவர் ஒராள்தான் பொய் சொல்லாமல் கதைக்கிறவர்!"

வெள்ளிக்கிழமை

பால்மா டின் இறங்கி, புதுச் சோக் கம்பத்தில் ஏறியிருந்தது. அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்து மர்ஜான் ராத்தாவின் ரீவிக்கு முன்னால் இருந்தார். நான் பக்கத்தில். ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ரீவியில் யாரோ பிலாக்காய் வெட்டிச் சமைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யன்னலால் பார்த்தால் வேலிக்கு அங்காலே அண்ணையின் வாய் அசைவது தெரிகிறது. ரீவியில் பிலாக்காய் மட்டும்தான். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மெதுவாகக் கதையுங்கோ அண்ணை என்று காலில் விழாத குறையாகச் சொல்லியிருந்தேன். ஆனால் நாள் கணக்காகப் பிள்ளையின் சத்தம் கேளாத தகப்பன் எப்படி மெதுவாகக் கதைப்பார்? திடீரென்று "சேந்தன்! சேந்தன்! அப்பா கதைக்கிறன்!" என்று ஒரு கத்தல். அதிகாரி எழும்பிவிட்டார். மனிசன் போய் ரீவியை நிற்பாட்டினார். நிற்பாட்டின பிறகும் குரல் வருகிறது. யன்னல் பக்கம் காதைக் கொடுத்தார். குரல் ரீவியால் வரவில்லை, வேலிக்கு மேலால் வந்தது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு என் தோளில் தட்டினார்.

"ஏரியலுக்குக் கட்டினது நல்லா இருக்கு. அவரோட தொண்டைக்கும் ஒண்ணு கட்டி விடுங்க."

ராத்தாவின் முறைப்பாடு

ஜீப் திரும்பினதுதான் தாமதம், ராத்தா வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து அண்ணை வீட்டுக்குப் பாய்ந்தார். நானும் பின்னால் ஓடினேன். அறைக்குள் இரைச்சலுக்கு நடுவில் சேந்தனின் குரல் வந்துகொண்டிருந்தது. கப்பல் தப்பிக் கரை பிடித்துவிட்டதாம், ஏரியல் முறிந்தபடியால்தான் கதைக்க ஏலாமல் போனதாம். பூமணி அக்கா வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணை அழுதார். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

ராத்தாவும் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எனக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"நீ நல்லா இருப்பியா? ஒவ்வொரு பின்னேரமும் நாடகத்த விட்டுட்டு இந்தப் புள்ளைட கப்பலத்தான் கேட்டுக்கிட்டு இருந்தனான். இண்டைக்கு அவன் உயிரோட இருக்கிறான் எண்டு தகப்பன் கத்துறாரு, என்ட ரீவியில பிலாக்காய் அவியுது!"

சோக் சுற்றுகிறவனுக்கு வேலை பிழைத்தாலும் ஏச்சுத்தான், சரிவந்தாலும் ஏச்சுத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.