நெற்றி முடியும் இடம்

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லோரும் அட்டையம்மா என்பார்கள். சொல்லுக்கு ஓர் அட்டை எழுதி, அகர வரிசையில் இழுப்பறையில் அடுக்குவது வேலை. பதினோரு வருடமாகத் தற்காலிகம். வருடா வருடம் நிரந்தரமாகும் என்று காத்திருப்பாள். இந்த முறை நிரந்தரமாக்கும் கோப்பே பதிப்பாசிரியர் மேசைக்கு வந்துவிட்டது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம் பார்த்து 'நெற்றி' என்ற சொல்லின் முறை வந்தது. பழைய நூல்களில் அது படையின் முன்னணியையும் குறித்தது. உறவு மொழிகளில் மெல்ல மேலேறி, ஒன்றில் உச்சந்தலைக்கும் இன்னொன்றில் தலைக்குமே போய் உட்கார்ந்துகொண்டது. முதலில் எங்கே இருந்தது என்று அவளிடமிருந்த எந்த அட்டையும் சொல்லவில்லை. 'மூலம் தெளிவில்லை' என்று குறித்தாள். பொருள் சுலபம்: புருவத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரை. எழுதியதும் திக்கென்றது. பதிப்பாசிரியருக்கு முடி தொடங்குவதே பிடரியில்தான்.

"அப்படியே கூட்டத்துல வாசிச்சிடுங்கக்கா. அவர் தலைய யாரு நெனைக்கப் போறா?" என்றான் பிழை திருத்துபவன்.

"எல்லாரும்தான்."

வீட்டில் கணவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் வழுக்கைதான். "ஏங்க, உங்க நெத்தி எங்க முடியுது?"

அவர் புருவத்தை உயர்த்தினார். சுருக்கங்கள் கொஞ்ச தூரம் ஏறி நின்றுவிட்டன. அதற்கு மேல் வழவழவென்று இருந்தது. அவள் துள்ளிக் குதிக்காத குறை.

கூட்டத்தில் வாசித்தாள்: "புருவத்தை உயர்த்தும்போது, அதற்கு மேல் சுருங்கும் பகுதி."

"முடி வரைக்கும்னு போட்டா போதாதா?" என்றார் பதிப்பாசிரியர்.

"முடி எல்லாருக்கும் ஒரே எடத்துல இல்லைங்கய்யா."

யாரோ இருமினார்கள். அவர் புருவம் தானாக உயர்ந்தது. அறையே அவர் நெற்றியை அளந்தது.

"அப்ப இதுக்கு மேல?" என்று வழுக்கையில் கை வைத்துக் கேட்டார்.

"தலைங்கய்யா. முடி போனா தலை இல்லன்னு ஆயிடுமா?"

கொல்லென்று சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லைக்கூடத் தொடாமல் அட்டையில் சுருக்கொப்பம் போட்டார். நியாயமான மனிதர்தான், அட்டை விஷயத்தில் மட்டும். பிறகு அவளுடைய கோப்பை எடுத்து, "இத அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அலமாரியில் வைத்துவிட்டார்.

அழுதால் அதற்கும் சிரிப்பார்கள் என்று அடுத்த அட்டையை எடுத்தாள்.

கதவைத் திறந்ததுமே கணவர் கேட்டார்: "என்னாச்சு, நிரந்தரமாயிடுச்சா?"

"நெத்தி ஆயிடுச்சு," என்றாள் செருப்பைக் கழற்றியபடி. "நான்தான் ஆகல."