ஏரிக்கரையில் சத்தக்காரர்

"கஞ்சி ஊத்து மயிலு" என்று வீரபாகு மனைவியிடம் ரகசியமாகச் சொன்னார். பக்கத்து வீட்டு அங்காளம்மாள், "எங்க ஊட்டுல இன்னும் கஞ்சி ஆகலீங்க" என்று பதில் கொடுத்தாள். ஒரு மாதமாக இப்படித்தான் மெதுவாகப் பேசப் பழகுகிறார் மனிதர்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஜலகண்டாபுரத்தில் பத்து வயதில் தறிக்குழியில் இறங்கியவர். நூல் ஓட்டும் நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்க, அதற்கு மேலே குரலை ஏற்றிப் பேசியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. கோயிலில் வேண்டிக்கொண்டால் தேங்காய்க் கடை வரைக்கும் கேட்கும். தும்மலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்யாணமான புதிதில் மயிலம்மாளிடம் ஆசையாக ஏதோ சொல்லப் போய், மறுநாள் தெருவே அவளைப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து, பாவம், பிரியமாக ஒரு வார்த்தை சொல்வதையே விட்டுவிட்டார்.

தறிக்காரர்களுக்கு அமாவாசையன்று விடுமுறை. மார்கழி அமாவாசைக்குத் தம்பி குடும்பத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மூன்று கல் தொலைவிலுள்ள ஏரிக்குப் பறவை பார்க்கப் போவது அவர்கள் வழக்கம். நடு ஏரியிலும் கரையோரத்திலும் நிற்கும் கருவேல மரங்களில் கொக்குகள் கூடு கட்டும். துப்பாக்கியோடு வந்த துரையைக்கூட ஏரிக்கரை ஊர்க்காரர்கள் கரையேற விட்டதில்லை. போன வருஷம் வீரபாகு, "மயிலு, குஞ்சைப் பாரு" என்று ஒரு குரல் கொடுத்தார். கொக்குகள் மொத்தமும் எழும்பிவிட்டன. தனித்துக் கிடந்த இரண்டு குஞ்சுகளைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. தாய் குஞ்சுக்கு ஊட்டுவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று வந்த மயிலம்மாள் அழுதுகொண்டே வண்டி ஏறினாள். பிள்ளை தங்காத வயிறு அவளுக்கு.

இந்த வருஷம், கரையில் காவல் நிற்கும் ஆராயி கம்பைக் குறுக்கே நீட்டினாள்.

"நீங்களா சாமி? இன்னொருக்கா சத்தம் வந்துச்சுன்னா உங்க வண்டி இந்தப் பக்கமே வரக்கூடாதுங்க. ஊர்ல பேசி முடிச்சாச்சு."

வீரபாகு தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏனுங்க, நீங்க வண்டியிலயே இருங்களே" என்றாள் மயிலம்மாள். அவள் சொன்னது நியாயந்தான். இருந்தாலும் அவருக்கு நெஞ்சு வலித்தது. அவள் பின்னாலேயே கரையேறினார்.

பனி இன்னும் விலகவில்லை. மரங்கள் அடியில்லாமல் நின்றன. வெள்ளையாக ஏதோ அசைந்தது. கொக்கா, பனியா, சொல்ல முடியாது. நடக்கிறோமா, தூங்குகிறோமா என்றே வீரபாகுவுக்குச் சந்தேகம் வந்தது. தறியோசை ஓய்ந்தால் காது இப்படி இருக்கும் என்று இத்தனை நாளும் அவருக்குத் தெரியாது. தம்பி பிள்ளைகள்கூட வாயைத் திறக்கவில்லை.

மயிலம்மாள் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றாள். தெற்கே, கரையோரக் கிளையொன்றில், பனி கொஞ்சம் விலகி ஒரு கூடு தெரிந்தது. தாய்க்கொக்கு குனிந்தது. குஞ்சு அதன் அலகைக் கவ்வி இழுத்தது. இன்னும் இரண்டு மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வீரபாகுவின் தொண்டை வரைக்கும் அவள் பெயர் வந்துவிட்டது.

வாயை இறுக மூடிக்கொண்டார். நாடாக் கயிற்றை இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய கையை நீட்டி, அத்தனை பேர் பார்க்க, அவள் மோவாயைப் பிடித்து மெல்லத் தெற்கே திருப்பினார்.