அண்ணனுக்கும் அதே இரத்தம்

எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரே நோய். கீறல் பட்டால் இரத்தம் உறையாது. வெளியே காயமே இல்லாமல் மூட்டுக்குள்ளும் கசியும். அம்மாவோடு பிறந்த ஆண்பிள்ளைகள் இருவரும் மீசை முளைக்கும் முன்பே இப்படித்தான் போனார்கள். எங்களைப் பார்த்த வெள்ளைக்கார டாக்டரும், இந்த மாதிரிப் பிள்ளைகள் வாலிபத்தைத் தாண்டுவது அபூர்வம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் ஒரே நோய் இருவரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. என் இடது முழங்கால் சிறுவயதிலேயே திரும்பத் திரும்ப வீங்கி, மடங்கியபடியே நின்றுவிட்டது. அண்ணன் நன்றாக நடந்தான். ஏன் இப்படி என்று கேட்டதற்கு டாக்டரிடம் பதில் இல்லை. அந்தப் பதில் கிடைத்திருந்தால் எனக்கு அவன்மேல் அவ்வளவு பொறாமை வந்திருக்காதோ என்னவோ.

தேக்கா வட்டாரத்தில் எங்கள் வீடு மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்தது. அப்பா இறந்தபின் அம்மா பால் விற்றாள். நான் கட்டிலில் கிடந்தேன். சவரக்கத்தி ஆகாது என்பதால் என் தாடி மார்புவரை தொங்கியது. அண்ணனோ வாராவாரம் நாவிதரிடம் போய்க் கன்னத்தை வழவழவென்று வைத்துக்கொண்டு, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போனான். கத்தி பட்டால் படிகாரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது முதல் வாரமே ஏறிவிட்டு வந்தான்.

"மாடும் இல்ல, குதிரையும் இல்லடா. சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது. காத்து மூஞ்சில அடிக்குது பாரு..."

"போதும், போய்ச் சாப்பிடு" என்றேன்.

அவனுக்குப் பெண் பார்த்தார்கள். அம்மா எதையும் மறைக்கவில்லை. "எத்தனை நாள் இருப்பான்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்று பெண்ணிடமே சொன்னாள். அண்ணி சம்மதித்தாள். கல்யாணத்தன்று கூட்டத்தில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று என்னை மூலையில், இரண்டு தலையணைகளுக்கு நடுவே உட்காரவைத்தார்கள். எனக்குப் பெண் தேடும் பேச்சே எழவில்லை. பிறகு அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். குழந்தையை அவன் தூக்கி வரும்போதெல்லாம் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அவனைக் கொண்டுபோனது ஒரு கடைவாய்ப் பல். வலி தாங்காமல், அம்மாவிடம் சொல்லாமலே, தெருவோரம் பல் பிடுங்கும் சீனனிடம் போய் உட்கார்ந்துவிட்டான். அந்த மனிதருக்கு இவன் நோய் எப்படித் தெரியும்? துணி வைத்தோம், படிகாரம் வைத்தோம், ஐஸ் வாங்கி வந்து வைத்தோம். ஆஸ்பத்திரியில் சூடு வைத்துப் பார்த்தார்கள். நிற்பதும் மறுபடி கசிவதுமாக இருந்தது. கையை விரித்து வீட்டுக்கு அனுப்பியபின் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்கவைத்தார்கள். வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"எப்படிடா இத்தன வருசம் இப்படியே கிடந்தே? என்னால முடியலடா."

அவன் என்னை வியந்து பார்த்தது அந்த ஒரு முறைதான். இரண்டு நாளில் போய்விட்டான்.

துறைமுகத்து ஆட்கள் தெரு நிறைய வந்தார்கள். சாவிலும் அவனுக்கு இவ்வளவு பேரா என்று நினைத்தேன். அண்ணியைக் கட்டிக்கொண்டு அம்மா அழுதாள். "அழாதம்மா. என் பிள்ளை வாழ்ந்துட்டுத்தான் போனான்" என்றாள்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. அப்படியானால் நான் செய்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர்?

காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் கைத்தடியை எடுத்தேன்.

"எங்க போறே?" என்றாள் அம்மா.

"டிராம் ஏற."

"கால் தாங்காதுடா."

"உன் பெரிய பிள்ளையத் தடுத்தியா?"

அவள் பழைய சேலையைக் கிழித்து வந்து, தரையில் உட்கார்ந்து, என் முழங்காலை இறுக்கமில்லாமல் சுற்றிக் கட்டினாள்.

சிராங்கூன் சாலையில் ஏறினேன். காற்று முகத்தில் அடிக்கத்தான் செய்தது. தாடியெல்லாம் பறந்தது. எதிரே இருந்த சீனக் கிழவி சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். துறைமுகம்வரை போய், கப்பல்களைப் பார்த்துவிட்டு, அதே வண்டியில் திரும்பினேன். இறங்கும்போது கால் பிசகிவிட்டது. வீடு சேர்வதற்குள் முழங்கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. அந்த மாதம் முழுவதும் படுக்கைதான். வலியில் பல்லைக் கடித்தேன். ஆனாலும் என் வாழ்க்கையில் நானாகப் போய்த் தேடிக்கொண்ட வலி அது ஒன்றுதான். அம்மா ஈரத்துணி மாற்றினாளே தவிர, ஒரு வார்த்தை திட்டவில்லை.

கால் தேறியதும் தவிட்டுக் கடை ஒன்றில் தராசுக்குப் பக்கத்தில் உட்காரும் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா போய்விட்டாள். டாக்டர் சொன்ன வயதையும் அண்ணன் இறந்த வயதையும் எப்போதோ தாண்டிவிட்டேன்.

வருடாவருடம் அவனுக்குப் படைக்கும் நாளில், அண்ணி தன் மகளிடம் அவனைப் பற்றிச் சொல்வாள்: அவன் சிரிப்பை, அவன் டிராம் ஏறிய கதையை. நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "நானும் ஏறினேன்" என்று சொல்ல வாய்வரை வரும். சோற்றைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.