தணல் பக்கத்தில் தின்னர் வாசனை

செஞ்சி கடைத்தெருவில் என் கணவருக்குப் பெயின்ட் கடை. வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்ததால் வார்னிஷும் தின்னரும் எங்கள் துணியில், தலையணையில், சில நாள் சோற்றில்கூட மணக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் எனக்குத் தலை வலிக்கும். அப்புறம் மூக்கு பழகிவிட்டது. அதனால்தான் என் கொழுந்தன் மேல் வீசிய வாசனையை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை.

அவனுக்குப் பதினைந்து வயது. பள்ளி விட்டால் கடையில் நிற்பான். என் மகள் அப்போது கைக்குழந்தை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில் தணலில் சாம்பிராணி போட்டு அவள் முடியை உலர்த்துவேன். முடிந்ததும் வாங்கித் தூக்கிக்கொள்வது அவன் வேலை. அவனிடம்தான் அவள் அழாமல் இருப்பாள்.

அந்த மழைக்காலத்தில் அவன் காரணமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தான். கண் சிவந்திருக்கும். சோறு வேண்டாம் என்பான். மூக்கைச் சுற்றித் தோல் வெடித்திருந்தது. சளி என்று நினைத்தேன். பிறகு, சளி இல்லை என்று நினைத்தேன். பையனை வீணாகச் சந்தேகப்படுகிறோமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்து என் கணவரிடம் பேசியது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கோட்டை பார்க்க வந்தவர்களின் காரிலிருந்து சில பையன்கள் பெட்ரோல் எடுத்தார்களாம், அவர்களோடு என் கொழுந்தனையும் பார்த்தார்களாம். விற்பதற்கு இல்லை, துணியில் நனைத்து முகர்வதற்கு. இன்னொரு முறை பிடித்தால் திருட்டு வழக்குதான், சீர்திருத்தப் பள்ளிக்குப் போகவேண்டி வரும் என்றார்.

என் கணவர் சிரித்தார். "நம்ம வூட்டுப் பையனுக்கு எதுக்கு சார் பெட்ரோல்? கடையிலயே டின்னு டின்னா இருக்குது."

அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அவன் மூக்கைச் சுற்றி வெடித்திருந்த தோல் ஞாபகம் வந்தது.

மறுநாள் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுத் தணலை ஊதிக்கொண்டிருந்தேன். அவன் வந்தான். கால் நிதானமாக இல்லை. கையில் சுருட்டிய கைக்குட்டை.

"குடு அண்ணி, நான் தூக்கிக்கிறேன்."

"கிட்ட வராத தம்பி."

"இன்னா அண்ணி, நான் இன்னா பேயா பிசாசா?" என்று சிரித்தபடி குனிந்தான். குழந்தையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். கைக்குட்டை நழுவித் தணல் சட்டியில் விழுந்தது. குபீரென்று முழங்கால் உயரத்துக்கு எரிந்தது. அவன் புறங்கை முடி பொசுங்கிவிட்டது. குழந்தை அழவில்லை, நெருப்பையே பார்த்தாள். அவன்தான் அழுதான்.

கணவரிடம் சொன்னேன். அடித்துவிடுவாரோ, தெருவில் பேச்சாகுமோ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பயம். அவர் கையை ஓங்கவில்லை. எங்களை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். தின்னரை முகர்வது மூளையையும் ஈரலையும் மெல்ல மெல்லக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டு, அவனை நேராகப் பார்த்தார்.

"மெல்லக் கெட்டா வைத்தியம் பாக்கலாம்பா. சில பேருக்கு ஒரே தடவையில இதயம் நின்னுடும். அப்புறம் எங்கிட்ட தூக்கிட்டு வந்து இன்னா பிரயோஜனம்?"

அன்றே டின்களெல்லாம் பூட்டிய அறைக்குப் போயின. சாவி என் இடுப்பில். அவன் படிக்கும்போது காபி கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் முகர்ந்து பார்ப்பேன். வாசனை வரும். அது அவனுடையதா, சுவருடையதா, என் புடவையுடையதா என்று தெரியாது. அந்த வீட்டில் மூக்கை நம்ப முடியவில்லை. குழந்தையை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அவள்தான் அவனைக் கண்டால் தாவி அழுதாள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், நான் சாம்பிராணி போடும்போது அவன் வந்து எட்டவே நின்றான். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். இரண்டு கையையும் விரித்தான்.

"மோந்து பாத்துக்க அண்ணி."

எழுந்து போய்ப் பார்த்தேன். சோப்பு வாசனை. இதற்காகவே கழுவிக்கொண்டு வந்திருப்பானோ என்றும் தோன்றியது. மகள் அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

தணலில் தண்ணீர் ஊற்றினேன். சீறி அடங்கியது. அதற்கு அப்புறம்தான் குழந்தையைக் கொடுத்தேன்.